இயக்கியைப் புதுக்குவோர் யார்?

பழனிக்கு அருகே ஐவர்மலை என்றொரு குன்று உள்ளது. அதன் இயற்கைக் குகைத்தளத்துக்கு மேலே, பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐச் சேர்ந்தது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் என்னும் சமணத் துறவி, அங்கிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார் என்பது கல்வெட்டின் செய்தி. புதுக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்விரண்டுக்கும் இடையறாது அமுது படைக்கவும், ஓர் அடிகளுக்குச் சோறிடவும் 505 காணம் பொன்னை முதலாக வைத்தார். செய்துவைத்த ஒன்று தொடர்ந்து இயங்க வேண்டுமானால் அதன் பராமரிப்புக்கும் சேர்த்தே முதல் வைக்க வேண்டும் என்ற தெளிவு நம் மாவட்டத்தில் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

கணினித் தமிழில் 'டிரைவர்' என்ற சொல்லுக்கு நாம் வழங்கும் பெயரும் இயக்கி என்பதே. சொல் ஒன்று, பிறப்பு வேறு. ஐவர்மலை இயக்கி, யட்சி என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். தீர்த்தங்கரருக்குத் துணைநிற்கும் காவல் தெய்வம். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவதும் அத்தகைய ஓர் இயக்கிக்குத்தான். கணினியின் இயக்கியோ 'இயக்கு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்லி நண்பர்களின் நகைப்புக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை. ஆயினும், பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வரைகலை அட்டைக்கு உரிய இயக்கி கிடைக்காமல் திண்டாடியவர் எவரும் 'புதுக்கி' என்ற அந்தக் கல்வெட்டுச் சொல்லைக் கடந்துபோக முடியாது. இயக்கியைப் புதுக்குவது யார் பொறுப்பு, அதற்கு முதல் வைத்தது யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பல கல்லூரிகளில் புதிய கணினிகள் முதலில் கணினி அறிவியல் துறைக்குப் போகும். அங்கே பழசானவை மொழித் துறைகளுக்கு வந்துசேரும். ஆகவே பழைய கணினியின் நோய்களை மற்றவர்களைவிட நாங்கள் நன்கறிவோம். சுவடிப் படங்களையும் பழைய அச்சுநூல்களின் வருடப்பட்ட பக்கங்களையும் திரையில் காட்டிப் பாடம் நடத்தும் காலம் இது. மின்வருடப்பட்ட ஐந்நூறு பக்க நூல் ஒன்றைத் திறந்து பக்கம் புரட்டினால் வரிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். புரொஜெக்டரை இணைத்தால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. பழுதுபார்க்க வருபவர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளிப்பார்: "டிரைவர் இல்லீங்க சார், புதுசா வாங்கிடுங்க."

அந்தத் தீர்ப்பின் பொருளைப் புரிந்துகொள்ள, இயக்கி என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வரைகலைச் சில்லு கணினிக்குள் இருக்கும் இன்னொரு சிறு கணினி. தனி அட்டையாகவும் இருக்கலாம். தாய்ப்பலகையிலோ செயலியிலோ உள்ளடங்கியும் இருக்கலாம். ஒவ்வொரு தலைமுறைச் சில்லுக்கும் ஒரு தனி மொழி உண்டு. விண்டோஸோ லினக்ஸோ அந்த மொழிகளையெல்லாம் தாமாக அறியா. இடையில் நின்று இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பதே இயக்கியின் பணி. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துத் துபாசியின் வேலை என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். துபாசி இல்லாவிட்டால் வணிகம் நின்றுவிடாது, கைச்சாடையில் நடக்கும். கணினியிலும் அப்படித்தான். உரிய இயக்கி இல்லாதபோது விண்டோஸ் ஒரு பொது இயக்கியைக் கொண்டு சமாளிக்கும். படம் தெரியும், ஆனால் திரையின் முழு நுணுக்கம் கிடைக்காது. இரண்டாவது திரை பெரும்பாலும் இயங்காது. மடிக்கணினியில் ஒளியளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. உறக்கநிலைக்கு அனுப்ப முடியாது. காணொளியை விரிக்கும் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுந்து, மின்விசிறி இரையத் தொடங்கும். வன்பொருளில் ஒரு குறையும் இருக்காது. இழந்தது மொழிபெயர்ப்பாளரை மட்டுமே.

இந்த இழப்பு தானாக நேர்வதில்லை. இயங்குதளம் தன் இலக்கணத்தை மாற்றும்போது நேர்கிறது. 2007 சனவரியில் விஸ்டா பொதுச் சந்தைக்கு வந்தபோது வரைகலை இயக்கிகள் எழுதப்பட வேண்டிய முறையையே மைக்ரோசாஃப்ட் மாற்றியது. எக்ஸ்பி காலத்து இயக்கிகளை விஸ்டாவும் விண்டோஸ் 7உம் ஓரளவு பொறுத்துக்கொண்டன. 2012இல் வந்த விண்டோஸ் 8 அவற்றை அறவே விலக்கியது. இன்டெல்லின் 915 வகைச் சில்லுத்தொகுதிக்குப் புதுமுறை இயக்கி எழுதப்படவே இல்லை. அத்தகைய கணினிகளின் மேல் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்று முத்திரை ஒட்டி விற்றது தொடர்பாக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. அவ்வழக்கில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆவணங்களுள் ஒன்று, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காட்டுக்கு என்விடியா இயக்கிகள் காரணம் என்று காட்டியது. பெரிய நிறுவனங்களே தடுமாறிய துறை இது. வீட்டில் உட்கார்ந்து இயக்கி நிறுவத் தெரியவில்லையே என்று எவரும் தம்மைத் தாமே நொந்துகொள்ளத் தேவையில்லை.

இனி, கைவேலை. பழைய கணினியோடு போராடும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எதை முதலில் செய்வது என்னும் வரிசைமுறை ஒன்றைத்தான். முதலில் நோய் உடலிலா, மொழிபெயர்ப்பிலா என்று அறிய வேண்டும். கணினியை இயக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, தயாரிப்பாளரின் பெயர் தோன்றும் முதல் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால், எந்த இயக்கியும் அதைத் தீர்க்காது. மின்சாரத்தைத் துண்டித்து, அட்டையைக் கழற்றி, தூசி நீக்கி, பொன்னிற விளிம்பை அழிப்பானால் மெல்லத் தேய்த்து மறுபடி பொருத்திப் பார்க்கலாம். விசிறி சுழல்கிறதா, மின்தேக்கிகள் தலை வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில், தூசியடைந்த விசிறி ஒன்றே நோய்க்குப் போதுமான காரணம். முதல் திரை தெளிவாக இருந்தால், ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்க வேண்டும். அங்கே படம் முழு நுணுக்கத்தோடு வந்தால் வன்பொருள் நலமாக உள்ளது. குறை விண்டோஸின் இயக்கியில் என்று முடிவுசெய்யலாம். லினக்ஸ் துவங்கும்போது திரை இருண்டுபோனால், துவக்க வரியில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்து மறுபடி முயல வேண்டும்.

அடுத்தது, சில்லின் மெய்ப்பெயரை அறிதல். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பலாகாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமிட்ட சாதனத்தைத் திறந்து, விவரப் பகுதியில் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் இரு பகுதிகள் உண்டு: முன்னது தயாரிப்பாளரின் எண், பின்னது சில்லின் எண். முன்னது 8086 என்றிருந்தால் இன்டெல். அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. 1002 என்றிருந்தால் ஏஎம்டி, முன்னாளில் ஏடிஐ. இவ்விரு எண்களையும் சேர்த்துத் தேடினால் சில்லின் பெயர் ஐயமின்றிக் கிடைத்துவிடும்.

மூன்றாவது, இயக்கியை எங்கே பெறுவது என்பது. மேசைக்கணினியானால் சில்லுத் தயாரிப்பாளரின் தளத்தில் பெறலாம். மடிக்கணினியானால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரே மடிக்கணினியில் இருவகை வரைகலைச் சில்லுகள் மாறி மாறி இயங்கும் அமைப்புகளில், பொதுவான இயக்கி பல வேளைகளில் ஒத்துவராது. 32 பிட்டா 64 பிட்டா என்பதைச் சரிபார்க்க வேண்டும். தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதியின் இயக்கியை முன்னதாகவும் வரைகலை இயக்கியைப் பின்னதாகவும் நிறுவுவது நல்லது. பழைய இயக்கியின் எச்சங்களைப் பாதுகாப்பு நிலையில் துவங்கி நீக்கிய பிறகே புதியதை ஏற்ற வேண்டும். அவ்வேளையில் இணைய இணைப்பைத் துண்டித்து வைக்காவிட்டால், விண்டோஸ் தானாகவே வேறோர் இயக்கியைக் கொண்டுவந்து நம் உழைப்பை வீணாக்கிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் 43 என்னும் பிழைக்குறி வந்தால், சாதனம் கோளாறு சொல்கிறது என்று பொருள். அப்போது இன்னும் பழைய பதிப்பு ஒன்றை முயலலாம்; அதற்கும் பணியாவிட்டால் வன்பொருளை மறுபடி ஐயுற வேண்டும்.

நான்காவது ஓர் எச்சரிக்கை. இயக்கிகளைத் தாமே கண்டுபிடித்து நிறுவித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களையும், பெயர் தெரியாத பதிவிறக்கத் தளங்களையும் நாடக் கூடாது. இயக்கியின் ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவறைக்குள் நின்று இயங்குவது. பிற மென்பொருள்களுக்கு இல்லாத அதிகாரம் அதற்கு உண்டு. போலி இயக்கியை உள்ளே விடுவது, வீட்டுக்காரன் வேடத்தில் வருபவனிடம் பெட்டகத்தை ஒப்படைப்பதற்குச் சமம். 64 பிட் விண்டோஸ், விஸ்டா முதற்கொண்டே, கையொப்பமில்லாத இயக்கிகளைக் கருவறைக்குள் ஏற்க மறுப்பது இக்காரணத்தால்தான். அந்தச் சோதனையை நிறுத்திவைக்கும் வழியைச் சிலர் சொல்லித் தருவார்கள். அதை நிரந்தர ஏற்பாடாக ஆக்கிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே அதன் இயக்கிகளைப் படியெடுத்து வைத்துவிட வேண்டும். விண்டோஸ் 10இலும் 11இலும் உள்ள 'பிஎன்பியூட்டில்' என்னும் கட்டளை, நிறுவப்பட்டுள்ள பிற நிறுவனங்களின் இயக்கிகளையெல்லாம் ஒரே கோப்புறையில் எடுத்துத் தந்துவிடும். பழைய ஓலை செல்லரிக்கும் முன்பே புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய மரபினர் நாம். பெயர்த்தெழுதப்படாதவை என்னவாயின என்பதும் நமக்குத் தெரியும்: பரிபாடல் எழுபதில் இருபத்திரண்டே முழுமையாக எஞ்சின, பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை.

ஏடு தேடிய கதை கணினிக்குப் பொருந்தாது, எல்லாம் இணையத்தில் நிலையாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் 2019ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் இன்டெல் தன் பழைய தாய்ப்பலகைகளுக்கும் சாதனங்களுக்கும் உரிய இயக்கிகள் பலவற்றைத் தன் பதிவிறக்கத் தளத்திலிருந்து நீக்கியது. ஆர்வலர்கள் சிலர் முந்திக்கொண்டு படியெடுத்து வைத்ததால் அவற்றில் பல தப்பின. என்விடியா தன் பழைய அட்டைகளைத் தலைமுறை தலைமுறையாக ஓய்வுக்கு அனுப்பிவருகிறது. 2006இல் தொடங்கிய ஜிஃபோர்ஸ் 8 வரிசைக்கான 340 கிளை இயக்கியின் ஆதரவு 2019 இறுதியில் முடிந்தது. 2010இல் வந்த ஃபெர்மி அட்டைகளுக்கான 390 கிளை 2022இல் முடிந்தது. 2012இன் கெப்ளர் அட்டைகளுக்கு 2024இல் முடிந்தது. இவை மூடிய இயக்கிகள். மூலநிரல் வெளியாருக்குக் கிடைக்காது. லினக்ஸின் கருநிரல் புதிதாகும்போது இப்பழைய இயக்கிகள் அதனோடு பொருந்தாமல் போகின்றன. பிறர் ஒட்டுப்போட்டுச் சிறிது காலம் ஓட்டலாம். முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2006இல் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, மறு ஆண்டு செப்டம்பரில் தன் வரைகலைச் சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அதன் பயன் இன்று கண்கூடு. 2002இல் வெளியான ரேடியான் 9700 வகை அட்டைக்கும் லினக்ஸில் கட்டற்ற இயக்கி இருக்கிறது. தயாரித்த நிறுவனம் மறந்துபோன பிறகும், தன்னார்வலர்கள் 2020களிலும் அதைத் திருத்தி மேம்படுத்தி வந்திருக்கிறார்கள். நிறுவனம் பெரிதாக எதையும் செலவிடவில்லை. மொழியின் அகராதியை வெளியிட்டது. மொழிபெயர்க்க ஆட்கள் தாமே வந்தார்கள்.

அகராதி தராத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்குவது எளிது. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெம்புகோல் பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் குறித்த உயரத்துக்கு எழுந்தால்தான் தாழ் விலகும். சாவியின் பற்கள் அந்த உயரங்களை நினைவில் வைத்திருக்கும் உலோகக் குறிப்பு. சாவி தொலைந்தால், கைதேர்ந்தவர் வெற்றுச் சாவியைப் புகையில் கருக்கி உள்ளே விட்டுத் திருப்பி, விழும் தடத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்த்துப் புதுச்சாவி செய்துவிடுவார். 'நூவோ' என்னும் கட்டற்ற இயக்கியை உருவாக்கியவர்கள் என்விடியா அட்டைகளுக்குச் செய்தது இதே வேலை. மூடிய இயக்கி அட்டையின் நினைவிடங்களில் என்ன எழுதுகிறது என்பதை முன்னும் பின்னும் பதிவுசெய்து ஒப்பிட்டு, பல ஆண்டுகள் தடம் பார்த்துச் சாவி செய்தார்கள். 2014க்குப் பின் வந்த அட்டைகளில் கையொப்பமிட்ட உள்நிரல் கட்டாயமானபோது, அட்டையை முழு வேகத்துக்குக் கொண்டுசெல்லும் வழி அவர்களுக்கு அடைபட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் ஏசியது பலருக்கும் நினைவிருக்கும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் லினக்ஸ் இயக்கியின் கருநிரல் பகுதியை வெளியிட்டது. ஆனால் 2018க்குப் பிந்தைய தலைமுறைகளுக்கு மட்டும். பழைய அட்டை வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

இதைச் சிறு தொந்தரவு என்று ஒதுக்குபவர்கள், கட்டற்ற மென்பொருள் இயக்கமே இப்படியொரு தொந்தரவிலிருந்து முளைத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் உரியவருக்குத் தெரிவிக்கும் வசதியை அதன் மென்பொருளில் சேர்க்க விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கான காரணங்களுள் அந்த மறுப்பையும் அவர் சொல்லிவருகிறார்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் 2020க்குள் மாணவர் கைகளுக்குச் சென்றன. வீட்டின் முதல் கணினி அதுவே என்ற குடும்பங்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். ஆத்தூரிலும் நிலக்கோட்டையிலும் வேடசந்தூரிலும் அக்காளுக்குக் கிடைத்ததைத் தம்பி பயன்படுத்தி, பின் வேறொருவர் கைக்கு மாறி, இன்றும் அவை உயிரோடு இருக்கின்றன. முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாதை தெரிந்தே இருந்தது. ஆனால் அதில் தொடர்ந்து நடக்க ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சியும் துணையும் தரப்படவில்லை. பல மாணவர்கள் லினக்ஸை அழித்துவிட்டு, கடையில் வேறு விண்டோஸ் பதிப்பு போட்டுக்கொண்டார்கள். அத்தோடு மடிக்கணினியில் இருந்த உரிய இயக்கிகளும் அழிந்தன. அடுத்த வீடான கேரளம், 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் கட்டற்ற இயங்குதளத்தைத் தானே தொகுத்து, ஆசிரியர்களைப் பயிற்றி, இன்றுவரை கைட் என்னும் அமைப்பின் வழியே பராமரித்துவருகிறது. இங்கே கொடை நடந்தது. அங்கே கொடையோடு பொன்னும் வைக்கப்பட்டது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் பொது ஆதரவும் முடிந்தது. அந்தப் பழைய மடிக்கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. இதற்கிடையே 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. இந்த இருபது லட்சமும் பத்தாண்டு கழித்து என்ன நிலையில் இருக்கும் என்பதை வாங்கும்போதே தீர்மானிக்கலாம் என்பதே என் வாதம்.

எந்த நிறுவனமும் காலமெல்லாம் ஆதரவு தர முடியாது என்று மறுப்புரைப்பவர்கள் உண்டு. நியாயமே. பழைய இயக்கிகளில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும், அவற்றை உலவ விடுவது ஆபத்து என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. பழைய பெரிய அட்டைகள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்பதும் சரியே. ஆனால் நான் கேட்பது காலமெல்லாம் ஆதரவு அன்று. பூட்டுக்காரர் கடையை மூடும்போது சாவியின் அளவுகளை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்கிறேன். ஓட்டைகளை அடைக்க வல்லவர்கள் வெளியே இருக்கிறார்கள்; அவர்களுக்கு மூலநிரல் வேண்டும், அவ்வளவே. ஏஎம்டியின் எடுத்துக்காட்டு இது நடக்கக்கூடியதே என்று காட்டிவிட்டது. பழுதுநீக்கும் உரிமைக்காக 2022 சூலையில் இந்திய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஒரு வலைவாசலும் தொடங்கியது. பழுதுநீக்கம் என்றால் உதிரிப்பாகமும் திருகாணியும் மட்டுமே என்று அங்கும் எண்ணிவிடக் கூடாது. இயக்கியும் உதிரிப்பாகமே, இன்னும் சொன்னால், தேய்மானமே இல்லாமல் காணாமற்போகும் ஒரே உதிரிப்பாகம் அதுதான்.

பொதுப்பணத்தில் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் நான்கு விதிகள் சேர வேண்டும். வரைகலை, ஒலி, வைஃபை ஆகிய மூன்று சில்லுகளுக்கும் லினக்ஸ் கருநிரலின் பொதுத் தொகுப்பிலேயே இயக்கி இருக்க வேண்டும் என்பது முதல் விதி. இது இருந்தால், நிறுவனம் விலகினாலும் கணினி விலகாது. எல்லா இயக்கிகளின் முழுத் தொகுப்பும் கொள்முதல் நாளிலேயே அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. ஆதரவு முடியும் நாளில் இறுதிப் பதிப்பைப் பிறருக்குப் பகிரும் உரிமையும் அரசுக்கு வர வேண்டும் என்பது மூன்றாவது. பல இயக்கிகளின் உரிம விதிகள் இன்று இதற்கு இடம்தருவதில்லை. பராமரிப்புக்கென ஒரு சிறுபகுதித் தொகை கொள்முதல் விலையிலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும் என்பது நான்காவது. சாந்திவீரக் குரவர் செய்தது அதைத்தான். இத்தொகுப்புகளைக் காத்துவைக்க நம்மிடம் இடமும் இருக்கிறது. 2001 முதல் இயங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவில் பேணிவருகிறது. அந்நூல்களைத் திறந்து படிக்க உதவும் கணினிகளின் இயக்கிகளையும் அங்கேயே ஓர் அடுக்கில் வைத்தால் என்ன?

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் துறைக்கு ஒருவர் முன்வந்து, துறையில் இன்று இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளின் இயக்கிகளைப் படியெடுத்து, சில்லின் அடையாள எண்ணையும் தேதியையும் எழுதி, இரண்டு இடங்களில் சேமித்துவைக்கலாம். ஒரு கணினிக்கு அரைமணி நேர வேலை. விண்டோஸ் 10 நின்றுபோன காரணத்தால் கழித்துக்கட்டப்படவிருக்கும் கணினிகளை ஏலத்துக்கு அனுப்புமுன், பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி ஒருமுறை துவக்கிப் பார்க்கலாம். அவற்றுள் ஒரு பகுதியேனும் ஒரு நூலகத்தின் மேசைக்கோ, ஊர்ப்புற வீடொன்றின் படிப்பறைக்கோ போய்ச்சேரும்.